செருப்புப் பெட்டியில் இல்லாத ஒரு வரி



குற்றாலத்தில் சாரல் விழுந்தால் தென்காசியில் செருப்பு வியாபாரம் களைகட்டும். ஈரத்தில் வார் அறுந்த செருப்பை அருவிப் பாதையோரத்திலேயே வீசிவிட்டுப் போகிறார்கள். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. அந்த நுரை அடிப்பாகம் மட்கவே மட்காது.

தோல் செருப்பே மேல் என்று போன வாரம் ஒரு கடையில் ஏறினேன். “இது குரோமியத்தில் பதனிட்டதா, பட்டையில் பதனிட்டதா?” என்று கேட்டேன். கடைக்காரருக்குத் தெரியவில்லை, பெட்டியிலும் ஒரு வரி இல்லை.

தெரிந்தாக வேண்டிய விஷயம் இது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் குரோமியம் கலந்த கழிவால் பாலாறும் கிணறுகளும் பாழாயின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது!

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடுவது நம் மண்ணின் பழைய கைத்தொழில். அதிலும் கழிவுநீர் உண்டு, ஆனால் குரோமியம் இல்லை. நாள் கூடுதலாகும், விலையும் ஏறும்.

பதனிட்ட முறையையும் ஊரையும் பெட்டியில் அச்சிட அரசு கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, அறுந்த வாரைத் தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், தென்காசி