நேர் பஸ் எங்கே போயிற்று?

தில்லி, பெயர் வைப்பதில் சிக்கனமான ஊர். 1992-ல் தனியார் பஸ்களைச் சாலையில் அவிழ்த்து விட்டபோது அவற்றுக்கு ரெட் லைன் என்று பெயர் சூட்டினார்கள். ஆட்களை இடித்துத் தள்ளிய வேகத்தில் அந்தப் பெயர் கெட்டுப்போக, வண்ணத்தை மாற்றி புளு லைன் ஆக்கினார்கள். வண்ணம்தான் மாறியது, ஓட்டும் லட்சணம் மாறவில்லை. 2007-ல் சாவுகளின் எண்ணிக்கை நீதிமன்றம் வரை போய், அடுத்த சில ஆண்டுகளில் புளு லைன் பஸ்களும் ஒழிந்தன. இதற்கிடையில் மெட்ரோ ரயில் வந்துவிட்டது. 2002 டிசம்பரில் ஷாதராவுக்கும் தீஸ் ஹஜாரிக்கும் இடையே ஓடிய முதல் தடத்துக்கு இன்று பெயர் ரெட் லைன். 2005 டிசம்பர் 31-ல் பாராகம்பா சாலையிலிருந்து கரோல் பாக் வழியாக துவாரகாவுக்கு ஓடத் தொடங்கியதற்குப் பெயர் புளு லைன். ஆகவே பூசா சாலையில் யாராவது "புளு லைன்ல வந்தேன்" என்று சொன்னால், அவர் எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறார் என்பதை வயதைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

கரோல் பாகில் இரண்டு வகை பஸ் பைத்தியங்கள் உண்டு. முதல் வகைக்கு வயது எழுபதுக்கு மேல். மத்திய அரசு அலுவலகங்களில் வேலை கிடைத்து ரயிலேறி வந்து, மேற்கு விரிவுப் பகுதியின் பர்சாத்திகளில் (மொட்டை மாடி அறைக்கு தில்லியில் அதுதான் பெயர்) குடியேறிய தமிழர்கள். வந்த புதிதில் இவர்களுக்கு இந்தி தெரியாது. பஸ்ஸின் நெற்றியில் இருந்த தேவநாகரி எழுத்து வெறும் கோலம். எண்ணை மட்டும்தான் நம்ப முடிந்தது. எனவே எண்களை சகஸ்ரநாமம் மாதிரி மனப்பாடம் செய்தார்கள். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்த பிறகும் எந்த எண் எந்த முனையில் திரும்பும், எது எப்போது நின்றுபோனது என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார்கள்.

இரண்டாவது வகை, கல்லூரிப் பிள்ளைகள். 2018 நவம்பரில் தில்லி அரசும் இந்திரப்பிரஸ்தா தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமும் சேர்ந்து, கிளஸ்டர் பஸ்களில் தொடங்கி, எந்த வண்டி இந்த நிமிடம் எங்கே நிற்கிறது என்ற விவரத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டன. அதிலிருந்து இவர்களுக்குக் கொண்டாட்டம். ஒரே தடத்தில் முக்கால் மணி நேரம் வண்டியே இல்லாமல் பிறகு மூன்று வண்டிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வருவதை, பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டு சொல்வார்கள். பிள்ளைகள் படம் போட்டுக் காட்டுவார்கள்.

இரண்டு வகையும் சந்தித்தால் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும். மெட்ரோ வந்த பிறகு பஸ் எங்கே ஓட வேண்டும்?

இது வெறும் பொழுதுபோக்கு விவாதமல்ல. 2025 மே மாதம் தில்லி அரசு 'தேவி' என்ற பெயரில் ஒன்பது மீட்டர் நீளமுள்ள சிறிய மின்சார பஸ்களை விட்டது. முதல் தவணை 400. பெரிய பஸ் நுழையாத இடங்களிலிருந்து மெட்ரோவுக்கும் பெரிய சாலைகளுக்கும் ஆட்களைக் கொண்டு சேர்ப்பது இவற்றின் வேலை. அதே ஆண்டில் நகரத்தின் பஸ் தடங்களை மறுபடி வரைந்து தரும் பொறுப்பு தில்லி ஐ.ஐ.டி.யிடம் போனது. வரைவது என்றால் கூட்டுவது மட்டுமல்ல, வெட்டுவதும்தான்.

வெட்டுபவர்களின் கணக்கில் தவறில்லை. போய்த் திரும்ப மூன்று மணி நேரம் ஆகிற ஒரு நீளத் தடத்தில் ஆறு பஸ்கள் ஓடினால் அரை மணிக்கு ஒன்று வரும். அந்தத் தடத்தைப் பாதியாக வெட்டி, மறுபாதியை மெட்ரோ பார்த்துக்கொள்ளும் என்று விட்டால், அதே ஆறு பஸ் கால் மணிக்கு ஒன்று வரும். ஒரு ரூபாய் கூடச் செலவில்லாமல் சேவை இரட்டிப்பு. தலைக்கு மேல் ரயில் ஓடும்போது அதன் நிழலிலேயே பஸ்ஸையும் ஓட்டுவானேன்?

"அங்கிள், அரை மணி நேரம் காத்திருந்தது இனி கால் மணி. உங்களுக்கு லாபம்தானே?" என்றான் ஒரு மாணவன்.

"தம்பி, கால் மணி இங்கே, அப்புறம் ஸ்டேஷன்ல ஏறி இறங்கி ஒரு கால் மணி, அந்தப் பக்கம் வெளியே வந்து இன்னொரு கால் மணி. கூட்டிப் பாரு" என்றார் பெரியவர்.

அவர் சொன்ன உதாரணம் ராமகிருஷ்ணபுரம். தில்லித் தமிழர்களுக்கு மலை மந்திரும் தமிழ்ச் சங்கமும் அங்கேதான். கரோல் பாகிலிருந்து மெட்ரோவில் போக வேண்டுமானால் ராஜீவ் சௌக்கில் இறங்கி மஞ்சள் தடத்துக்கு மாறி, ஹோஸ் காஸில் இறங்கி 29 மீட்டர் ஆழத்தில் இருக்கும் மஜென்டா தடத்துக்கு மாற வேண்டும். அந்த வசதியும் 2018 மே மாதம்தான் வந்தது. குளிரூட்டப்பட்ட பெட்டி, நேரம் தவறாத வண்டி, எல்லாம் வாஸ்தவம். ஆனால் கிருத்திகையன்று பூக்கூடையோடும் மூட்டுவலியோடும் போகிற ஒரு பாட்டிக்கு, ஏறி உட்கார்ந்தால் இறங்கும் இடத்தில் இறங்கலாம் என்பதுதான் வசதி. கால அட்டவணை வரைகிறவர்களுக்கு மாறுவது ஒரு புள்ளி. மாறுகிறவர்களுக்கு அது படிக்கட்டு.

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். தில்லியில் பல தடங்கள் யாரும் திட்டம் போட்டு வெட்டாமலே செத்தன. 2025 மார்ச்சில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கையைப் பாருங்கள். 2022 மார்ச் இறுதியில் மொத்தம் 814 தடங்களில் தில்லி போக்குவரத்துக் கழகத்தின் வண்டிகள் ஓடியது 468-ல் மட்டும். சேர்ந்த நஷ்டம் 2015-16-ல் சுமார் 25,300 கோடி ரூபாயாக இருந்தது, 2021-22-ல் 60,750 கோடி. வண்டிகள் பழசாகி நின்றன, புதிது வரவில்லை, தடம் காகிதத்தில் மட்டும் ஓடியது. பயணிக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. அவன் நின்று பார்த்தான், வரவில்லை, ஆட்டோ பிடித்தான். சில மாதங்களில் அந்த நிறுத்தத்தில் கூட்டம் குறைந்தது. கூட்டமே இல்லையே, பஸ் எதற்கு என்று கேட்க அதிகாரிகளுக்கு வசதியாகப் போயிற்று.

இணைப்பு இல்லாத ரயிலுக்கு என்ன கதி என்பதற்கு தில்லியிலேயே பழைய சாட்சி இருக்கிறது. நகரைச் சுற்றி 35 கிலோமீட்டருக்கு ஒரு வட்ட ரயில் பாதை. 1975-ல் சரக்கு வண்டிகள் ஊருக்குள் நுழையாமல் சுற்றிப் போவதற்காகப் போட்டது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின்போது பயணிகள் வண்டிகளை அதில் கூட்டினார்கள். கரோல் பாகுக்குப் பக்கத்திலேயே சராய் ரோஹில்லாவும் படேல் நகரும் அந்த வட்டத்தில் உள்ள நிலையங்கள். எத்தனை தில்லிவாசிகள் அதில் ஏறியிருப்பார்கள்? நிலையங்கள் குடியிருப்புகளின் முதுகுப்புறத்தில் இருந்தன. வாசலில் பஸ் நிற்கவில்லை. விளையாட்டு முடிந்தது, வண்டிகள் காலியாகச் சுற்றின.

அதே ஊரில் ரிங் ரோடைச் சுற்றிய 'முத்ரிகா' பஸ்ஸில் தொங்குவதற்கும் இடமில்லை. முத்ரிகா என்றால் கணையாழி. 1965-ல் தில்லியில் பிறந்த தமிழ் இலக்கியப் பத்திரிகைக்கும் அதே பெயர் அமைந்தது தற்செயல்தான் என்றாலும், எனக்கு அந்தப் பஸ்ஸைப் பார்க்கும்போதெல்லாம் பத்திரிகை ஞாபகம் வரும். ரயிலில் இல்லாத எது பஸ்ஸில் இருந்தது? எந்தத் தடத்திலிருந்து வந்தாலும் ரிங் ரோடில் இறங்கி நின்றால் முத்ரிகா வரும். அவ்வளவுதான். அந்த வட்டத்தை ஒட்டி 2018 முதல் பிங்க் லைன் மெட்ரோ ஓடுகிறது.

வெட்டி ஒட்டும் வேலையை ஒழுங்காகச் செய்த ஊர் தென்கொரியாவின் சியோல். 2004 ஜூலை 1-ல் ஒரே நாளில் நகரத்தின் பஸ் தடங்களை மாற்றினார்கள். நீளத் தடங்களுக்கு நீல பஸ், சுரங்க ரயிலுக்குக் கொண்டுவிடுவதற்குப் பச்சை, நகர மையத்தைச் சுற்ற மஞ்சள், புறநகருக்குச் சிவப்பு. முதல் சில நாள் அமளி. ஜனங்கள் திட்டித் தீர்த்தார்கள், மேயர் லீ மியுங் பாக் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஆனால் ஒரு காரியத்தை அவர்கள் முதலிலேயே செய்திருந்தார்கள். பஸ்ஸிலிருந்து ரயிலுக்கு மாறினாலும், ரயிலிலிருந்து பஸ்ஸுக்கு மாறினாலும் கட்டணம் மொத்த தூரத்துக்குத்தான். ஒவ்வொரு வண்டிக்கும் புதிதாக ஆரம்பிக்காது. மாறுவதற்கு அபராதம் இல்லை. அமளி அடங்கியது. 2007 டிசம்பரில் அதே மேயர் நாட்டின் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பஸ் தடத்தை மாற்றினால் தேர்தலில் தோற்போம் என்று அஞ்சும் நம் அரசியல்வாதிகளுக்கு இது பயன்படலாம்.

தில்லியில் நடந்தது பாதி. 2018-ல் மெட்ரோ அட்டையை பஸ்ஸிலும் காட்டலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். அட்டை ஒன்று, கட்டணம் இரண்டு. 2025 ஆகஸ்ட் உயர்வில் மெட்ரோவின் குறைந்தபட்சக் கட்டணம் 11 ரூபாய், அதிகபட்சம் 64 ஆயிற்று. ஐந்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டருக்கு 32. சாதாரண பஸ்ஸில் அதிகபட்சமே 15 ரூபாய். இது ஆண்களின் கணக்கு. பெண்களுக்கு 2019 அக்டோபர் 29-ல் தில்லி பஸ்களில் இலவசப் பயணம் வந்தது. இளஞ்சிவப்புச் சீட்டுக்குப் பதில் அட்டை என்று 2025-ல் அரசு அறிவித்தது, அது வேறு விஷயம். அஜ்மல் கான் சாலைக் கடையில் துணி மடித்துப் போடும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவள் வந்துகொண்டிருந்த நேர் பஸ்ஸைப் பாதியில் நிறுத்தி, "மீதியை மெட்ரோவில் போ, சீக்கிரம் போய்விடலாம்" என்றால், இலவசமாக இருந்த பயணம் போக வர 64 ரூபாய் ஆகிறது. மாதம் 26 நாள் வேலை என்றால் 1,664 ரூபாய். தடத்தை வெட்டியவரின் வரைபடத்தில் இந்தத் தொகை எங்கும் இல்லை.

அவள் என்ன செய்வாள்? மெட்ரோவில் ஏற மாட்டாள். இது ஊகம் அல்ல. 2017 அக்டோபரில் மெட்ரோ கட்டணம் அந்த ஆண்டில் இரண்டாவது முறையாக ஏறியபோது, தினசரிப் பயணிகள் சுமார் மூன்று லட்சம் பேர் குறைந்ததாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய கணக்கு சொன்னது. போனவர்கள் வேலையை விட்டிருக்க மாட்டார்கள். ஏதோ ஒரு வண்டியில், இன்னும் நெரிசலாக, இன்னும் நேரம் எடுத்துப் போயிருப்பார்கள்.

அதனால் நேர் பஸ்ஸை வெட்டவே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. ஐந்து பேருக்காக முப்பது கிலோமீட்டர் ஓடும் தடமும் இருக்கிறது. அந்தப் பஸ் வேறெங்கோ ஐம்பது பேருக்குத் தேவைப்படுகிறது. முதலில் கட்டணத்தை ஒன்றாக்கு, பிறகு தடத்தை இரண்டாக்கு என்பதுதான் என் கட்சி. லண்டனில் 2016 முதல் ஒரு பஸ்ஸில் கொடுத்த காசுக்கு ஒரு மணி நேரத்துக்குள் இன்னொரு பஸ்ஸில் ஏறலாம். பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. யார் நஷ்டத்தை ஏற்பது என்ற கேள்விக்கு ஒருவர் கையெழுத்துப் போட்டார், அவ்வளவே. தில்லியில் மெட்ரோ மத்திய அரசும் மாநில அரசும் சம பங்கு வைத்திருக்கும் நிறுவனம். பஸ் மாநில அரசுடையது. கையெழுத்துப் போட வேண்டியவர்கள் ஒரே மேஜையில் உட்காருவதே அபூர்வம்.

சென்னைவாசிகள் இதைப் படித்துவிட்டு தில்லிக்காரர்களுக்காக வருத்தப்பட வேண்டாம். அங்கும் இரண்டாம் கட்ட மெட்ரோவுக்காகச் சாலைகளைத் தோண்டி, பஸ்களைத் திருப்பிவிட்டுப் பல வருஷமாகிறது. 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்று' செயலி பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே சீட்டு தருகிறது. நல்ல காரியம். ஆனால் 2021 முதல் சாதாரண பஸ்ஸில் இலவசமாகப் போகும் பெண்கள் அங்கும் இருக்கிறார்கள். தோண்டிய பள்ளங்களை மூடி ரயில் ஓடத் தொடங்கியதும் மேலே ஓடும் சாதாரண பஸ்களுக்கு என்ன ஆகும் என்பதை இப்போதே கேட்டு வைப்பது நல்லது. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகருக்கு ஓடும் 29சி-யை வெட்டினால் வடசென்னையிலும் தென்சென்னையிலும் ஒரே நாளில் மறியல் நடக்கும் என்று நினைக்கிறேன். அந்த எண்ணுக்கு அவ்வளவு ரசிகர்கள்.

கரோல் பாகில் அடுத்த தோண்டலுக்கும் உத்தரவாகிவிட்டது. இந்தர்லோக்கிலிருந்து இந்திரப்பிரஸ்தா வரை ஒரு தடத்துக்கு 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சுமார் 12 கிலோமீட்டர், பெரும்பகுதி தரைக்கடியில், பத்து நிலையங்கள். அதில் ஒன்று அஜ்மல் கான் பார்க். பூசா சாலைப் பக்கம் ஏற்கெனவே ஒரு நிலையம் உயரத்தில் நிற்க, கடைத்தெருவின் மறுபக்கம் இன்னொன்று பாதாளத்தில் வரப்போகிறது. நடுவே அஜ்மல் கான் சாலையின் ஒரு பகுதியை 2019-ல் வண்டிகள் நுழையாத நடைபாதை ஆக்கினார்கள். அந்த நிலையத்தின் வாசலில் எந்த பஸ் நிற்கும், எங்கே திரும்பும், பேட்டரி ரிக்‌ஷாக்களை எங்கே ஒதுக்குவார்கள் என்பதையெல்லாம் பள்ளம் தோண்டும் முன்பே முடிவு செய்தால்தான் உண்டு.

தடங்களைத் திருத்தும் வேலை கரோல் பாகை எட்டும்போது இங்குள்ளவர்களை யாராவது கேட்பார்களா என்று அந்த மாணவனிடம் விசாரித்தேன். இணையத்தில் கருத்துக் கேட்பார்கள், பதில் எழுதத் தயாராக இருக்கிறேன் என்றான். பெரியவருக்கு இணையத்தில் நம்பிக்கை இல்லை. மாற்றுவதற்கு ஒரு மாதம் முன்பே பஸ் நிழற்குடையில் ஒரு அறிவிப்பு ஒட்டினால் போதும் என்றார். எந்த மொழியில் என்று கேட்டேன்.

"மொழி எதுவா இருந்தா என்ன சார்? எந்த நம்பர் போச்சு, எந்த நம்பர் வந்தது, அதைப் பெரிசா எழுதச் சொல்லுங்க."