மெக்கிஃபர்ட் நின்றிருக்க வேண்டும்

ஆர்தர் குஷ்மன் மெக்கிஃபர்ட்டின் வாழ்க்கைக்குச் 'சுபம்' போடுவது ரொம்ப எளிது. போதனையில் பிழை என்று பிரெஸ்பிட்டேரியன் சபை நெருக்கிய இந்த அமெரிக்கத் திருச்சபை வரலாற்றாசிரியர், 1917இல் நியூயார்க் யூனியன் இறையியல் கல்லூரிக்கே தலைவரானார். ஆகவே உண்மை ஜெயித்தது. எனக்கு இந்தக் கதை ஒத்துவரவில்லை. அவர் ஜெயிக்கவில்லை, நகர்ந்துகொண்டார்.

ஆள் லேசுப்பட்டவர் இல்லை. ஹார்னாக்கிடம் மார்பர்கில் படித்தவர். யூசேபியஸின் திருச்சபை வரலாற்றை 1890இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். யூசேபியஸும் ஒரு காலத்தில் சந்தேகத்துக்கு ஆளான ஆயர்தான். 325இல் அந்தியோகியாவில் கூடிய ஆயர்கள் அவரைத் தற்காலிகமாக விலக்கிவைத்தார்கள். அவரையே மொழிபெயர்த்தவருக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாமலா இருந்திருக்கும்?

1897இல் அப்போஸ்தலர் காலத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம்தான் வில்லங்கம். திருவிருந்தைத் தன் நினைவாகத் தொடர்ந்து செய்யச் சொன்ன கட்டளை மாற்கிலும் மத்தேயுவிலும் கிடையாது. பவுலிடமும் லூக்காவிலும்தான் இருக்கிறது. எனவே இயேசுவே அதை நிரந்தரச் சடங்காக ஏற்படுத்தினார் என்பது முழு நிச்சயமில்லை என்றார் மெக்கிஃபர்ட். கவனியுங்கள், 'ஏற்படுத்தவில்லை' என்று சொல்லவில்லை. 'நிச்சயமில்லை' என்றதையே தாங்க முடியவில்லை. கருத்தை மாற்றிக்கொள், இல்லையென்றால் அமைதியாக வெளியேறு என்றது 1898 பொதுப்பேரவை. உள்ளூர்ச் சபை மன்றம் விசாரிக்கத் தயங்கியும், மேல்முறையீட்டில் வழக்கு மறுபடி பேரவைக்கே வந்தது. பேரவை அதைக் கையில் எடுக்குமுன், 1900இல், அவர் விலகி காங்கிரிகேஷனல் சபையில் சேர்ந்துவிட்டார்.

சபை பிளவுபடக் கூடாது என்றுதான் போனார் என்பார்கள். இருக்கலாம். ஆனால் யூனியன் கல்லூரி 1892லேயே பேரவையோடு உறவை முறித்துக்கொண்டிருந்தது. பேரவை என்ன தீர்ப்புச் சொன்னாலும் அவருடைய நாற்காலி ஆடியிருக்காது. அதே கல்லூரியின் சார்ல்ஸ் பிரிக்ஸ் விசாரணையில் நின்றார், தோற்றார், 1893இல் குருத்துவப் பணியிலிருந்து இடைநிறுத்தப்பட்டார். என்ன லாபம் என்று கேட்கலாம். பிரிக்ஸ் விஷயத்தில் சபை தன் வாயால் ஒரு தீர்ப்பைச் சொல்லி, தன் பதிவேட்டிலேயே எழுதிவைக்க வேண்டியிருந்தது. பின்னால் வருகிறவன் அதை எடுத்துவைத்துக்கொண்டு கேள்வி கேட்கலாம். மெக்கிஃபர்ட் விஷயத்தில் அந்தச் சங்கடம்கூட அவர்களுக்கு இல்லை. மூலங்களைப் படித்துவிட்டு 'நிச்சயமில்லை' என்று சொல்ல ஒரு பிரெஸ்பிட்டேரியன் வரலாற்றாசிரியருக்கு உரிமை உண்டா, இல்லையா? பேரவையை இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்ல வைத்திருக்கக்கூடியவர் அவர் ஒருத்தர்தான். அவரோ ராஜினாமாவை நீட்டிவிட்டுப் போய்விட்டார்.