பெட்டி பிரிக்காத ரெகுலேட்டர்

ஒருமுறைகூடத் தண்ணீரில் இறங்காத பழைய முக்குளிப்புச் சாமான் என்றால் எனக்குப் பயம். பத்து வருடமாக மாதந்தவறாமல் கடலுக்குப் போய்வந்து, கீறல் விழுந்து நிறம் மங்கிய ரெகுலேட்டரை ஒருவர் சர்வீஸ் ரசீதுகளோடு கொண்டுவந்து நீட்டினால், நம்பி வாயில் வைப்பேன். அதே வயதுள்ள, பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாத ரெகுலேட்டரை அப்படி வைக்க மாட்டேன். பழைய சாமான் தேடுகிறவர்களில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் இந்தச் சாமான்களுக்குப் பஞ்சமே இல்லை. ஓப்பன் வாட்டர் வகுப்பு முடித்த உற்சாகத்தில் பலர் மாஸ்க் முதல் டைவ் கம்ப்யூட்டர் வரை முழு செட்டாக வாங்கிவிடுகிறார்கள். மெர்சிங்கில் படகேறித் தியோமானுக்கு ஓரிரு வாரயிறுதி, பூலாவ் ஹந்துவின் கலங்கல் தண்ணீரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்புறம் கல்யாணம், குழந்தை, வேலை மாற்றம். செட் வீவக வீட்டுப் பொருளறைக்குள் போய்விடுகிறது. சில வருடம் கழித்து வீட்டை ஒழுங்குபடுத்தும்போது கண்ணில் பட்டு, பாதி விலைக்குக் கேரசல் இணையச் சந்தையில் ஏறுகிறது. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் வெளிநாட்டவர்கள் விற்றுவிட்டுப் போவதும் நிறைய. இவர்கள் யாரும் ஏமாற்றுக்காரர்கள் கிடையாது. “ரெண்டு தடவைதான் யூஸ் பண்ணினேன்” என்று சொன்னால் அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். வாங்குகிறவர் யோசிக்க வேண்டிய இடமும் அதுதான்.

ரெகுலேட்டர் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். 1943-ல் பிரான்சில் ஜாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கன்யானும் உருவாக்கிய கருவியின் அடிப்படை இன்றும் அப்படியே இருக்கிறது. மூச்சு இழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் காற்று வர வேண்டும். இன்றைய ரெகுலேட்டர் இதை இரண்டு படியாகச் செய்கிறது. சிலிண்டரில் 200 பார் அளவுக்கு அடைபட்டிருக்கும் காற்றை முதல் நிலை, நீரழுத்தத்தைவிட 9 அல்லது 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி குறைத்துக் குழாயில் விடுகிறது. வாயில் கவ்வும் இரண்டாம் நிலை அதை மேலும் குறைத்து மூச்சுக்கு ஏற்றதாக்குகிறது. வெளியே தெரியும் உடல், குரோம் பூசிய பித்தளை. ஒழுங்காகக் கழுவி வைத்தால் அது நம்மைவிட அதிக நாள் இருக்கும். ஆனால் காற்றை அடைப்பதும் திறப்பதும் உள்ளே இருக்கும் ஓ-ரிங்குகள், சவ்வுகள், சீட் எனப்படும் சிறு துண்டுகள். இவற்றுக்கு வயது உண்டு.

இரண்டாம் நிலைக்குள் ஒரு ஸ்பிரிங், மெத்தென்ற சீட்டை உலோக விளிம்பின் மேல் அழுத்திக்கொண்டே இருக்கும். கடலில் இருந்தாலும் அலமாரியில் இருந்தாலும் அந்த அழுத்தம் ஓய்வதில்லை. ஐந்தாறு வருடம் அசையாமல் அழுந்திக் கிடந்த சீட்டில் வட்டமாகப் பள்ளம் பதிந்துவிடும். ஓ-ரிங்குகளில் தடவிய கிரீஸ் காய்ந்துபோகும். மேசை இழுப்பறையில் மறந்துபோன ரப்பர் பேண்டு, யாரும் இழுக்காமலே வெடித்து அறுந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெட்டிக்குள் இருக்கும் ரப்பருக்கும் அதே கதிதான்.

இரண்டு தடவை மட்டும் இறங்கியது இதைவிட மோசம். உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. சரியாக ஊறவைத்துக் கழுவினாரா, முதல் நிலையின் மூடி ஈரத்தோடு இருந்ததா என்பது யாருக்கும் நினைவில்லை. ஈரப்பையில் சுருட்டி வைத்த அந்த உப்பு நம் ஊர்ப் புழுக்கத்தில் வருடக்கணக்கில் பித்தளையைத் தின்றுகொண்டே இருக்கும். தொடர்ந்து கடலுக்குப் போகிறவர் கருவியில் கோளாறு என்றால் அடுத்த வாரமே தெரிந்து சரிசெய்வார். பொருளறையில் கிடப்பதன் கோளாறு உங்கள் முதல் இறக்கத்தில்தான் தெரியும்.

ஒரு நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான ரெகுலேட்டர்கள் கெட்டால் காற்றை நிறுத்தாமல் கொட்டும்படி அமைக்கப்பட்டவை. முதல் நிலை காற்றைச் சரியாக அடைக்காவிட்டால் குழாயில் அழுத்தம் ஏறி, இரண்டாம் நிலை தானாகத் திறந்து கொட்டத் தொடங்கும். மேல்மட்டத்தில் அது எரிச்சல், அவ்வளவுதான். 20 மீட்டரில் அப்படியில்லை. அங்கே மொத்த அழுத்தம் 3 பார், ஒவ்வொரு மூச்சுக்கும் மூன்று மடங்கு காற்று செலவு. படகுகளில் நமக்குக் கிடைக்கும் வழக்கமான அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு 11.1 லிட்டர், முழுதாக நிரம்பினால் ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்று. கொட்டத் தொடங்கினால் சில நிமிடங்களில் காலி. பக்கத்தில் இருக்கும் துணைவரை நம்பித்தான் மேலே வர வேண்டும்.

அலுவலகத்தில் ஒரு தம்பி அண்மையில் கைப்பேசியைக் காட்டினார்.

“அண்ணே, பெட்டியே பிரிக்கல. பாதி விலை. எடுத்துரவா?”

“கிட் கெடைக்குமான்னு கேட்டீங்களா தம்பி?”

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

சர்வீஸ் கிட் என்பது அந்தந்த மாடலுக்கென்றே வரும் ஓ-ரிங், சீட், வடிகட்டி எல்லாம் அடங்கிய பொட்டலம். முதல் நிலைக்கு ஒன்று, இரண்டாம் நிலைக்கு ஒன்று, மாற்றாகத் தொங்கும் ஆக்டோபஸுக்கு இன்னொன்று. அது கிடைக்காவிட்டால் எவ்வளவு பளபளப்பான ரெகுலேட்டரும் காட்சிப்பொருள்தான். அமெரிக்காவின் டாக்கோர் 1950-களிலிருந்து பேர்பெற்ற நிறுவனம். 1990-களின் பிற்பகுதியில் கைமாறி, பிறகு அந்தப் பெயரே சந்தையிலிருந்து மறைந்தது. அதன் ரெகுலேட்டர்களை இன்றும் ஆசையாக வைத்திருப்பவர்கள் உதிரிபாகத்துக்கு அலைகிறார்கள். மாறாக, சில நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக ஒரே அடிப்படை வடிவத்தை வைத்துக்கொண்டிருப்பதால், அவற்றின் பழைய மாடல்களுக்கும் கிட் கிடைக்கிறது. இதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும், விற்பவரிடம் இல்லை, சர்வீஸ் செய்யும் கடையில். கூடவே மூன்று கிட்டுக்கும் கூலிக்கும் எத்தனை வெள்ளி என்று கேட்டு, விற்பவர் சொன்ன விலையோடு கூட்டிப் பாருங்கள். பாதி விலை பல நேரம் முக்கால் விலையாகிவிடும். சில நிறுவனங்கள் தரும் வாழ்நாள் இலவச உதிரிபாக உறுதியும் பொதுவாக முதலில் வாங்கியவரோடு முடிந்துவிடும்.

நேரில் பார்க்கப் போனால் மூடியைத் திறந்து, முதல் நிலைக்குள் காற்று நுழையும் வாயில் இருக்கும் சிறு வடிகட்டியைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் கடல்நீர் உள்ளே போயிருக்கிறது. செம்பழுப்பு என்றால் துருப்பிடித்த இரும்பு சிலிண்டரில் மாட்டியிருந்தார்கள். இந்தக் கண்ணளவுச் சோதனைக்கு ஒரு காசு செலவில்லை. விளம்பரத்தில் எழுதியதைவிட அதிகம் சொல்லும். அடுத்து, மூடியை இறுக்கி, சிலிண்டரில் மாட்டாமலே வாயில் வைத்து மூச்சை இழுங்கள். காற்று வரவே கூடாது. வந்தால் சவ்வோ வெளியேற்றும் வால்வோ கிழிந்திருக்கிறது. கடலில் அந்த வழியாகத் தண்ணீர் வரும். பிசிடி எனும் மிதவைச் சட்டையின் குழாயில் பொருத்தும் சிறு அழுத்தமானி ஒன்று உங்களிடம் இருந்தால் இன்னும் நல்லது. சிலிண்டரில் மாட்டித் திறந்ததும் முள் ஏறி ஓரிடத்தில் நிற்க வேண்டும். நிற்காமல் மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தால் முதல் நிலையின் சீட் தேய்ந்துவிட்டது.

இவையெல்லாம் வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கத்தான். எல்லாம் சரியாக இருந்தாலும் சர்வீஸ் செய்யாமல் கடலில் இறக்கக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

குழாய்களை எந்த நிலையிலும் புதிதாக மாற்றிவிடுங்கள். பின்னல் உறை போட்ட நெகிழ்வான குழாய்களில் சிலவற்றின் உட்சுவர் பாலியூரித்தேன். வெப்பமும் ஈரமும் சேர்ந்து அது சிதைந்து, உள்ளே படிகங்கள் கட்டிக் காற்றை அடைத்த சம்பவங்கள் உண்டு. டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் இதுபற்றி எச்சரித்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பிசிடியின் காற்றுப்பையும் இதே சிக்கலில் மாட்டுவதுதான். உள்பூச்சு பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் தொடவே வேண்டாம். நல்லதாகத் தெரிந்தால் இறுக ஊதி ஓர் இரவு வைத்துப் பாருங்கள். ஊதும் பொத்தானைப் பலமுறை அழுத்தி, விட்டவுடன் நிற்கிறதா என்று கவனியுங்கள். உப்பு கட்டிய பொத்தான் அழுந்தியபடியே சிக்கிக்கொண்டால் பை தானாக ஊதி, ஆளை மேலே தூக்கிக்கொண்டு போய்விடும். மூச்சை அடக்கியபடி அப்படி மேலே வந்தவரின் நுரையீரல் என்னாகும் என்பதை முதல் வகுப்பிலேயே எல்லோருக்கும் சொல்லியிருப்பார்கள்.

பழைய டைவ் கம்ப்யூட்டரை நான் பரிந்துரைப்பதில்லை. மின்கல அறையில் அரிப்பு ஒருபக்கம். மென்பொருள் தவறு இருந்தால் அது கண்ணுக்குத் தெரிவதேயில்லை. 1996-க்கு முன் தயாரான அலாடின் ஏர் எக்ஸ் நைட்ராக்ஸ் கம்ப்யூட்டர்களை அமெரிக்காவில் 2003-ல்தான் திரும்பப் பெற்றார்கள். இரண்டு இறக்கங்களுக்கு நடுவே படகில் உட்கார்ந்து சாதாரணக் காற்றைச் சுவாசிக்கிறவர், ஆக்சிஜன் கூடிய நைட்ராக்ஸ் கலவையையே சுவாசிப்பதாக அது கணக்கிட்டது. உடலில் தங்கியிருக்கும் நைட்ரஜனைக் குறைத்துக் காட்டி, அடுத்த இறக்கத்துக்கு அதிக நேரம் அனுமதித்தது. அத்தனை வருடம் அது கைக்கடிகாரம்போல் ஒழுங்காக ஓடிக்கொண்டுதான் இருந்தது. பழையது வாங்கத்தான் வேண்டும் என்றால், மாடலின் பெயரோடு திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதாவது உண்டா என்று தேடிவிட்டு வாங்குங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடியவையும் இருக்கின்றன. ஈயக்கட்டிகள், துருப்பிடிக்காத எஃகு முதுகுத்தட்டு, சிலிகோன் மாஸ்க், கெட்டி ரப்பர் ஃபின். 1960-களில் வந்த ஜெட் ஃபின் வடிவம் இன்றும் விற்கிறது. அந்தப் பழைய ஃபின்கள் சில இன்னும் நீந்திக்கொண்டிருக்கின்றன. பட்டையை மட்டும் மாற்றினால் போதும். முக்குளிப்பு உடையைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்; பலமுறை ஆழத்துக்குப் போன நியோப்ரீன் நசுங்கி மெலிந்து குளிர் தாங்காது, ஆனால் தியோமானின் வெதுவெதுப்பான தண்ணீருக்கு அது பெரிய குறை இல்லை. புதிதாகத் தொடங்கும் இளையர்கள் இவற்றைப் பழையதாக வாங்கி, மிச்சப்படும் பணத்தை ரெகுலேட்டரில் போட வேண்டும் என்பது என் விருப்பம்.

சிலிண்டர் இங்கே பெரும்பாலோருக்குத் தேவையில்லை, படகிலேயே தருவார்கள். ஆனாலும் வீட்டைக் காலி செய்கிறவர்கள் மலிவாகச் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். வருடக்கணக்கில் காற்றோடு மூடிக் கிடந்த இரும்பு சிலிண்டருக்குள் ஈரம் இருந்தால், துரு அந்தக் காற்றின் ஆக்சிஜனையே எடுத்துக்கொண்டிருக்கும். அழுத்தமானி முழுசாகக் காட்டும், சுவாசிப்பவர் மயங்கிவிடுவார். ஆகவே பழைய காற்றை வெளியேற்றிவிட வேண்டும். அலுமினியத்தில், 6351 என்ற கலவையில் செய்த பழைய சிலிண்டர்களின் கழுத்துத் திருகில் விரிசல் விழலாம். லக்ஸ்ஃபர் நிறுவனம் 1988-ல் அமெரிக்காவில் 6061 கலவைக்கு மாறியது. அதற்கு முந்தையவற்றுக்கு அங்கே விரிசல் கண்டறியும் மின்சோதனை கட்டாயம். கழுத்துக்குக் கீழே பொறித்திருக்கும் எண்களில் தயாரிப்பு மாதமும் ஆண்டும், நீரழுத்தச் சோதனை நடந்த தேதிகளும் இருக்கும். கைவிளக்கு அடித்து வாசித்துவிடலாம்.

இந்த விரிசல் விழுந்த சிலிண்டர்களில் சில, காற்று நிரப்பும்போது வெடித்திருக்கின்றன. அப்போது பக்கத்தில் நிற்பவர் அதை மலிவாக வாங்கியவர் கிடையாது. கம்ப்ரெசர் அறையில் வேலை பார்க்கும், அந்தச் சிலிண்டரின் வரலாறு எதுவும் தெரியாத ஒருவர். பொறிப்பு அழிந்திருந்தாலோ 1988-க்கு முந்தையது என்றாலோ, இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு போய் அவர் கையில் நீட்டாதீர்கள்.