முதல் இதழ் மோகம்

சித்திரக்கதை ஒன்றின் அட்டையில் 'முதல் இதழ்' என்றிருந்தால் போதும், பத்தாண்டில் அது பொன்னாகிவிடும் என்று நம்பும் நண்பர்கள் நம் விடுதியிலும் இருக்கிறார்கள். சாப்பாட்டுப் பணத்தைக் கொடுத்து அமெரிக்க இதழ்களை வரவழைக்கவும் துணிகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

1938-இல் சூப்பர்மேன் அறிமுகமான ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் விலை 10 சென்ட். பிள்ளைகள் படித்தார்கள், கிழித்தார்கள், பழைய காகிதத்தோடு போட்டார்கள். தப்பிய சில பிரதிகளுள் ஒன்று 2014-இல் 32 லட்சம் டாலருக்குப் போயிற்று. யாரும் பாதுகாக்காததே அதன் பெருமை!

1991-இல் வந்த எக்ஸ்-மென் முதல் இதழின் கதை வேறு. ஐந்து அட்டைகளில், 80 லட்சம் பிரதிகள். ஐந்தையும் வாங்கி உறையிலிட்டுப் பூட்டிவைத்தவர் பலர். எல்லோர் பெட்டியிலும் இருக்கும் பொருளை யாரிடம் விற்பது? இன்றும் அது சில டாலருக்கே கிடைக்கிறது. அந்தச் சூதாட்டம் சரிந்ததில் கடைகள் பல மூடின; 1996-இல் மார்வெல் நிறுவனமே திவால் மனுக் கொடுத்தது.

2003-இல் வந்த 'வாக்கிங் டெட்' முதல் இதழோ ஏழாயிரத்துச் சொச்சம் பிரதிகள்தாம். 2010-இல் தொலைக்காட்சித் தொடரான பிறகு அதன் விலை ஏறிற்று. முன்கூட்டி யார் கண்டார்?

இப்போது பதிப்பாளர்கள் தட்டுப்பாட்டையே தயாரிக்கிறார்கள். கடைக்காரர் நூறு சாதாரணப் பிரதிகள் எடுத்தால் 'அரிய' அட்டையோடு ஒன்று கிடைக்கும். அதைப் பிளாஸ்டிக் கூட்டில் அடைத்து மதிப்பெண்ணும் போடுகிறார்கள் (மதிப்பெண்ணால் நாம் படும் பாடு போதாதா?). அப்புறம் அதைத் திறந்து படிக்க முடியாது.

வாங்குங்கள், நண்பர்களே. உறையைப் பிரித்துவிட்டு, படித்தபின் எனக்கும் ஒருநாள் கொடுங்கள்.