ஓபரா ஹவுஸ் யாருக்கு?

மும்பையில் சர்னி ரோடு ரயில் நிலையத்தை அடுத்த வட்டாரத்துக்கே ‘ஓபரா ஹவுஸ்’ என்பது பெயராகி நிலைத்துவிட்டது. தினந்தோறும் ஆயிரக்கணக்கானோர் அவ்வழியே போகிறார்கள், வருகிறார்கள். ஆனால், அந்தப் பெயரைத் தந்த ராயல் ஓபரா ஹவுஸ் நாடக அரங்கினுள் காலடி வைத்தவர்கள் அவர்களில் எத்தனை பேர்?

கல்கத்தாவில் நாடகத் தொழில் நடத்திய மாரிஸ் பாண்ட்மன் என்பவரும், ஜெஹாங்கீர் பிராம்ஜி கராக்கா என்ற நிலக்கரித் தரகரும் சேர்ந்து எழுப்பிய அரங்கு அது. 1911-ல், கட்டட வேலை முழுதும் முடியும் முன்பே, இந்தியா வந்திருந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அதைத் திறந்துவைத்தார். பெரிய மனிதர்களுக்குத் தனி மாடங்கள், சாஸூன் குடும்பத்தார் அளித்த சரவிளக்குகள் என்று சகல ஆடம்பரங்களுடனும் அது அமைந்தது.

வெள்ளைக்காரர்களின் இசை நாடகத்துக்காகக் கட்டிய அந்த மேடைக்குப் புகழ் தேடித் தந்தவர்கள் இந்நாட்டுக் கலைஞர்களே. பால கந்தர்வர், தீனாநாத் மங்கேஷ்கர் போன்ற மராட்டிய இசை நாடக மேதைகள் அங்கே பாடி நடித்தார்கள். பிருத்விராஜ் கபூர் தமது குழுவின் நாடகங்களை அங்கே நடத்தினார். நாடகம் முடிந்ததும் வாயிலில் துணி ஏந்தி நின்று, நற்காரியங்களுக்கு நிதி திரட்டுவது அவர் வழக்கம். சாதாரண மக்களின் சில்லறைக் காசும் அதில் விழுந்தது.

பிறகு சினிமா வந்தது. அரங்கு படக் கொட்டகை ஆயிற்று. 1952-ல் கோண்டல் மகாராஜா அதை வாங்கினார். டெலிவிஷனும் வீடியோவும் பரவியபின் கூட்டம் குறைந்து, 1993-ல் கதவு மூடப்பட்டது. 2012-ல் ஆபத்திலுள்ள உலகச் சின்னங்களின் பட்டியலில் அது இடம்பெற்றது. உரிமையாளர் குடும்பத்தின் விடாமுயற்சியாலும், கட்டடக் கலைஞர் ஆபா நாராயண் லாம்பாவின் திறமையாலும் பழைய பொலிவு பெற்று, 2016 அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. பாராட்டத்தக்க சாதனை என்பதில் ஐயமில்லை.

ஆனால், கட்டடம் பிழைத்தால் மட்டும் போதுமா? ஏறத்தாழ 575 பேர் அமரக்கூடிய சிறிய அரங்கு அது. பராமரிப்புச் செலவோ பெரிது. அதை வாடகையிலும் டிக்கெட்டிலுமே ஈடுகட்ட வேண்டுமென்றால், பணம் படைத்தவர்களின் பொழுதுபோக்கு மண்டபமாகவே அது நின்றுவிடும். உரிமையாளரைக் குறை கூறிப் பயனில்லை; தரும சத்திரம் நடத்த அவர் கடமைப்பட்டவர் அல்லர்.

தனியார் கட்டடத்துக்கு மக்கள் பணம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். மும்பையில் 1995-ல் வந்த விதிகளின்படி, பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கட்டடத்தை உரிமையாளர் தன் இஷ்டம்போல் இடிக்கவோ மாற்றவோ முடியாது. ஊருக்காக அவர் கையைக் கட்டிப்போடும்போது, சுமையில் ஒரு பங்கை ஊரும் ஏற்பதுதானே நியாயம்? அதற்கு ஈடாக, மாதத்தில் சில நாட்களைக் குறைந்த வாடகைக்கு நாடகக் குழுக்களுக்கு ஒதுக்கச் செய்யலாம். வித்தியாசத் தொகையை மாநில அரசும் மாநகராட்சியும் பகிர்ந்துகொள்ளலாம்.

ரசிகர்களின் ஆதரவு என்ன செய்யும் என்பது மும்பைத் தமிழர்களுக்குத் தெரியாததல்ல. 1990-ல் தீக்கிரையான ஷண்முகானந்தா அரங்கம் 1998-ல் மீண்டும் எழுந்ததைக் கண்டவர்கள் அவர்கள்.

மராட்டி நாடகத்துக்கு முதலிடம் தரட்டும். குஜராத்தி, இந்தி, தமிழ்க் குழுக்களுக்கும் வாய்ப்பு அளிக்கட்டும். மன்னர் திறந்துவைத்த அரங்கை மக்களுக்குத் திறந்துவிடும் பொறுப்பு அரசினுடையது. அதற்கு ஆவன செய்யத் தாமதிக்கக் கூடாது.