வில்லுப்பாட்டு ராத்திரி

குளச்சலில் ஒரு கல்தூண் நிற்கின்றது. 1741-ம் வருஷத்தில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரரைத் தோற்கடித்ததற்கு ஞாபகச் சின்னம் அது. அரசன் ஜெயித்தால் கல் நாட்டுவார்கள், இருக்கட்டும். ஆனால் ஜாதியின் பேராலும் சொத்தின் பேராலும் அடித்துக் கொல்லப்பட்ட ஏழை எளியவர்களுக்கு எங்கே கல் நாட்டியிருக்கின்றார்கள் என்று நாம் கேட்கின்றோம். அவர்களில் பலருக்கு இருப்பதெல்லாம் வில்லுப்பாட்டு ஒன்றேதான்.

நாஞ்சில் நாட்டிலும் திருநெல்வேலிச் சீமையிலும் கொடை நாட்களில் தலைமுறை தலைமுறையாக இந்த வில் ஒலித்து வருகின்றது. நீண்ட வில்லில் மணிகளைக் கட்டி, அதைக் குடத்தின்மேல் சாய்த்து, வீசுகோலால் நாணை அடித்துக்கொண்டு அண்ணாவி கதை சொல்லுவார். உடுக்கும் தாளமும் கட்டையும் கூட ஒலிக்கும். அரசனும் அவரே, அழுகின்ற தாயும் அவரே, கொலைகாரனும் அவரே. வேஷமில்லை, திரையில்லை, ஒரு மனிதனின் வாயும் முகமும் கையுந்தான். பள்ளிக்கூட வாசலை மிதிக்க விடப்படாத ஜனங்கள் விடிய விடிய உட்கார்ந்து சரித்திரம் படித்த இடம் இதுவேயாகும்.

“இதுவும் சாமி காரியந்தானே, நமக்கென்ன?” என்று சில தோழர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் கதையைக் கேட்டுவிட்டுப் பிறகு தீர்ப்புச் சொல்லட்டும் என்கின்றோம்.

முத்துப்பட்டன் கதையையே எடுத்துக்கொள்ளுவோம். பார்ப்பனனாகப் பிறந்த ஒருவன், சக்கிலியர் வீட்டுப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா என்ற இருவர்மேல் ஆசை கொள்ளுகின்றான். அவர்கள் தகப்பன் கேட்டபடி பூணூலை அறுத்தெறிந்து, தோல் வேலை கற்று, செருப்புத் தைத்து, அதன் பிறகே மாலையிடுகின்றான். கடைசியில் மாமனாரின் மாடுகளைக் காக்கப் போய் மாண்டு போகின்றான். பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோவிலில் அவனைப் பட்டவராயன் என்று கும்பிட்டு, இன்றைக்கும் செருப்புக் காணிக்கை வைக்கின்றார்கள். எந்தப் புராணத்தில் இப்படிப்பட்ட விஷயத்தைக் கேட்டிருக்கின்றோம்? புராணக் காலட்சேபம் செய்யும் எந்தப் பாகவதர் இதை வாய்விட்டுச் சொல்லுவார்?

சொல்ல முடியாததால் வேறு வேலை செய்தார்கள். அந்தப் பெண்கள் உண்மையில் சக்கிலியர் மக்களே அல்ல, காட்டில் கிடந்த பார்ப்பனக் குழந்தைகள், சக்கிலியன் எடுத்து வளர்த்தான் என்று கதையிலே ஒரு துண்டைச் செருகினார்கள். இக்கதையைப் பதிப்பித்த பேராசிரியர் நா. வானமாமலை இந்தச் சூதை எடுத்துக்காட்டியிருக்கின்றார். செத்துப்போனவனுக்குக்கூட ஜாதியைக் காப்பாற்றிக் கொடுக்கின்ற யோக்கியதையைப் பாருங்கள்! ஆகவே வில்லுப்பாட்டு அற்ப விஷயமாயிருந்தால் அதைத் திருத்த ஒருவன் மெனக்கெடுவானா? அதற்கு வலு இருப்பதனால்தான் திருத்தினார்கள்.

நிற்க, இதிலுள்ள குற்றத்தையும் மறைக்க வேண்டியதில்லை. அந்தப் பெண்கள் புருஷனோடு தீயில் விழுந்ததைப் பெருமையாகப் பாடுகின்றார்கள். பெண்ணைக் கொளுத்துவதில் என்ன பெருமை? கதாநாயகன் சாகும் கட்டம் வந்ததும் ஒருவருக்குச் சாமி வந்துவிடும். கூட்டம் கையெடுத்துக் கும்பிடும். கொன்றவன் யார், ஏன் கொன்றான் என்ற கேள்வி அங்கேயே அமுங்கிப் போகும். செத்தவனைத் தெய்வமாக்கிவிட்டால் கொன்றவனுக்குத்தான் சௌகரியம். அண்ணாவி ஒவ்வொரு அடி சொல்லும்போதும் பக்கத்திலிருப்பவர் “ஆமாம்” போடுகின்றார். நாம் வேண்டுவதெல்லாம், ஒரு இடத்திலாவது அவர் “ஏன்?” என்று கேட்கட்டும் என்பதுதான்.

இது ஆகாத காரியமா? நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இந்த வில்லைக் கோவில் வாசலிலிருந்து எடுத்து வந்து, காந்தியாரின் கதையைப் பாடிக் காட்டவில்லையா? அவரோடு சேர்ந்த சுப்பு ஆறுமுகம் 2022-ல் மறையும் வரை வில்லை விடவில்லை. அகஸ்தீஸ்வரம் பக்கத்துப் பூங்கனி அம்மாள் சிறு வயதிலேயே வில்லின் முன் உட்கார்ந்து, ஆண்களுக்குச் சமதையாகப் பாடிப் பேரெடுத்தார். அப்பேர்ப்பட்டவர் கடைசி நாட்களில் வறுமையில் கிடந்து 2018-ல் மறைந்தார். சாமிக்குப் பட்டும் கிடாவும் வாங்க வரி பிரிக்கின்ற ஊர்களுக்கு, சாமியின் கதையைப் பாடியவளுக்குக் கஞ்சி ஊற்ற வழி தெரியவில்லை.

ஆதலால் நமது அபிப்பிராயம் இதுதான். வில்லுப்பாட்டு ராத்திரி வாழ வேண்டும். அதைக் கொண்டாட வேண்டும். கொடைக்குக் காத்திராமல் வாசகசாலையிலும் பள்ளிக்கூடத்திலும் வில்லை ஏற்றுங்கள். எல்லா ஜாதியாரும் மதத்தாரும் ஒரே பாயில் உட்கார்ந்து கேட்கட்டும். செருகின துண்டை வெட்டியெறிந்து பழைய கதையைப் பாடச் சொல்லுங்கள். 1859-ல் முடிந்த தோள்சீலைப் போராட்டத்தைப் புதுக் கதையாகக் கட்டச் சொல்லுங்கள். மாரை மறைக்கவும் உத்தரவு கேட்க வேண்டியிருந்த நம் பாட்டிமார் கதை அல்லவா அது? அண்ணாவிக்கும் குடமடிப்பவருக்கும் சரியான கூலியைப் பேசி, பாட்டு முடிந்த அன்றே கையில் கொடுங்கள்.

அரசனுடைய கல்தூணை யாரும் பார்க்காவிட்டாலும் அது நிற்கும். ஏழையின் கதையோ கேட்க ஆளில்லாவிட்டால் அன்றைக்கே செத்துப் போகும்.