பாம்பைக் காட்டும் பயணம் பரம்பரையைக் காட்டுமா?

பினாங்குத் தீவைக் காண வானூர்தியில் வருவோர் முதன்முதலில் மிதிக்கும் மண் பாயான் லெப்பாஸ் ஆகும். 1935ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வானூர்தி நிலையம் அங்கேதான் உள்ளது. வயலும் மீனவர் குடியிருப்பும் சூழ்ந்திருந்த அவ்வட்டாரத்தில் 1972ஆம் ஆண்டில் தடையற்ற வாணிக வட்டாரம் தோன்றியது. இன்று மின்னணுத் தொழிற்சாலைகளால் அது உலகறிந்த ஊராக விளங்குகிறது. குழுவாக வருவோரை ஏற்றிக்கொள்ளும் சுற்றுலாப் பேருந்துகள், அருகிலுள்ள சுங்கை குளுவாங் பாம்புக் கோயிலில் நிற்பது வழக்கம். ஊதுவத்திப் புகையினிடையே கிளைகளில் சுருண்டு கிடக்கும் விரியன்களைக் கண்டு வியந்து, படமெடுத்துக்கொண்டு, பயணிகள் கெக் லோக் சி கோயிலுக்கும் கொடிமலைக்கும் பத்து பெரிங்கி கடற்கரைக்கும் செல்கின்றனர். இரண்டு மூன்று நாளில் தீவு முழுவதையும் பார்த்துவிட்ட நிறைவோடு மீண்டும் பாயான் லெப்பாஸுக்கே திரும்பி, வானேறிப் போகின்றனர்.

இந்தப் பயணத்தில் தமிழர் எங்கே இருக்கின்றனர்? இல்லாமல் இல்லை. லிட்டில் இந்தியாவின் பாட்டொலியிலும் பூக்கடைகளிலும் இருக்கின்றனர். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குக் காவடி சுமந்து செல்வோராக வண்ணப் படங்களில் இருக்கின்றனர். நாசி கண்டார் கடையில் குழம்பு ஊற்றும் கைகளாக இருக்கின்றனர். காட்சியாகவும் மணமாகவும் சுவையாகவும் இருக்கின்ற தமிழர், வரலாறாக மட்டும் இருப்பது அரிதாகிவிட்டது. அலகு குத்திய முதுகைக் காட்டும் வழிகாட்டி, அம்முதுகுக்கு உரியவனின் பாட்டன் எந்த ஊரிலிருந்து, எதற்காக இங்கு வந்தான் என்று சொல்லக் கேட்பது எளிதன்று. பாம்பின் வகையைக்கூட விளக்கும் பயணம், மனிதனின் வழியை விளக்காமல் விட்டுவிடுகிறது.

இதற்கு ஒரு மறுமொழி ஆயத்தமாக இருக்கிறது. "சுற்றுலா என்பது இளைப்பாறுதல், பணம் கொடுத்து வருவோர் பாடம் கேட்க வருவதில்லை, கண்ணுக்கினிய காட்சியைக் காட்டினால் போதும்" என்பதே அது. கேட்பதற்கு நியாயம்போலத் தோன்றும் இக்கூற்று உண்மையன்று என்பதை நியூசிலாந்தின் ரோட்டோருவா வட்டாரம் மெய்ப்பித்துக் காட்டியிருக்கிறது.

கொதிநீர் ஊற்றுகளும் ஏரிகளும் நிறைந்த அந்நிலப்பகுதி மாவோரி மக்களுக்கு உரியது. அங்கிருந்த வெள்ளை, இளஞ்சிவப்புப் படித்துறைகளைக் காண பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கடல் கடந்து பயணிகள் வந்தனர். அவர்களுக்கு வழிகாட்டியவர்கள் வெளியார் அல்லர். தூஹோராங்கி குடியைச் சார்ந்த மாவோரி மக்களே. சோபியா ஹினெராங்கி என்னும் பெண்மணி அவ்வழிகாட்டிகளுள் புகழ் பெற்றவர். 1886ஆம் ஆண்டு சூன் 10ஆம் நாள் தராவேரா எரிமலை வெடித்தது. படித்துறைகள் அழிந்தன, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர், ஊரும் பிழைப்பும் ஒருங்கே போயின. எஞ்சியோருள் பலர் வகாரேவாரேவா என்னும் ஊருக்குப் பெயர்ந்து, அங்கும் வழிகாட்டும் தொழிலையே தொடர்ந்தனர். காட்சி அழிந்தது; சொல்லும் உரிமை அழியவில்லை.

அவ்வூர் வழிகாட்டிகளுள் மற்றொருவர் மாகெரெத்தி. 1901ஆம் ஆண்டில் பிரித்தானிய அரச குடும்பத்தார் வந்தபோது அவர்களுக்கு வழிகாட்டியவர் அவர். பின்னாளில் ஆக்ஸ்போர்டில் மானிடவியல் பயின்று, தம் மக்களின் வாழ்வியலைத் தாமே நூலாக எழுதினார். அவர் மறைந்த பின், 1938ஆம் ஆண்டில், அந்நூல் வெளிவந்தது. பயணிகளை அழைத்துச் சென்ற பெண், தன் இனத்தின் வரலாற்றுக்கே வழிகாட்டியாக உயர்ந்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ரோட்டோருவாவில் எல்லாம் குறையின்றி நடக்கின்றன என்பது இங்குக் கருத்தன்று. மாவோரி மக்கள் தம் நிலத்தில் பெரும்பகுதியை இழந்தனர். அவர்களின் ஹாக்கா ஆட்டமும் விருந்தும் மேடைக் காட்சிகளாகச் சுருங்கும் இடரும் உண்டு. ஆயினும் தங்கள் கதையைத் தாங்களே சொல்லும் வழக்கத்தை அவர்கள் கைவிடவில்லை. அதைக் கேட்கப் பயணிகள் இன்றும் பணம் கொடுத்து வருகின்றனர். ஆகவே, வரலாறு சொன்னால் சுற்றுலா வாடிவிடும் என்பது சோம்பலின் வாதமேயன்றி அறிவின் வாதமன்று.

அந்த மாவோரி மண்ணிலேயே தமிழரின் தடம் ஒன்றும் கிடைத்தது. 1836ஆம் ஆண்டையொட்டி, வாங்காரே பகுதியில் மாவோரிப் பெண்கள் உடைந்த வெண்கல மணி ஒன்றைக் கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாகப் பயன்படுத்தி வந்ததைச் சமயப் பணியாளர் வில்லியம் கொலென்சோ கண்டார். அம்மணியில் தமிழ் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. அது முகையதீன் என்னும் பெயர் தாங்கிய ஒரு கப்பலின் மணி என்று அவ்வெழுத்துகள் அறிவிக்கின்றன. இன்று அது வெலிங்டன் நகரின் தெ பாப்பா அருங்காட்சியகத்திற்கு உரிய பொருள். அக்கப்பலின் கதையைச் சொல்வார் இல்லாமற் போனதால், மணி சட்டியாயிற்று. வரலாறு சொல்லப்படாத இனத்தின் உடைமைக்கு நேர்வது இதுதான்.

பினாங்கிலோ சொல்லத்தக்கவை மறைந்துவிடவில்லை, கண்முன்னே நிற்கின்றன. காதர் முகைதீன் என்னும் தமிழ் முசுலிம் தலைவர் 1801ஆம் ஆண்டில் தோற்றுவித்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் நிற்கிறது. அங்கிருந்து சில நிமிட நடையில், குயின் தெருவில், 1833ஆம் ஆண்டில் எழுந்த மகா மாரியம்மன் கோயில் நிற்கிறது. சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் தர்கா நிற்கிறது. ஜார்ஜ் டவுன் 2008ஆம் ஆண்டில் மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றதற்கு, இத்தகைய பல இன வழிபாட்டிடங்கள் அடுத்தடுத்து நிற்பதும் ஒரு காரணமாகும்.

கட்டடமாக நிற்காத வரலாறும் உண்டு. 1801ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட கும்பினியார், சின்ன மருதுவின் இளம் மகன் துரைசாமியையும் வேறு எழுபதுக்கும் மேற்பட்டோரையும் 1802ஆம் ஆண்டில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றி நாடு கடத்தினர். அவர்கள் கொண்டுவரப்பட்ட தீவு பினாங்கு. 1818ஆம் ஆண்டில் பினாங்குக்கு வந்த வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர், தாம் முன்பே அறிந்திருந்த துரைசாமியை இங்குக் கண்டார். அடையாளம் தெரியாத அளவுக்கு அவ்விளைஞர் தளர்ந்து முதுமைக்கோலம் எய்தியிருந்ததைத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்தார். சிவகங்கைச் சீமையின் செல்வமகன் இத்தீவில் உருக்குலைந்ததைப் பதிவு செய்ய, அவன் தந்தையின் பகைவர் படையிலிருந்து ஒருவர் வேண்டியிருந்தது! பினாங்கில் தமிழ் பயிலும் மாணவர்களுள் எத்தனை பேர் இச்செய்தியை அறிவர்?

இக்குறைக்குச் சுற்றுலா நிறுவனங்களை மட்டும் பழிப்பது முறையன்று. அவர்கள் விற்பனைக்கு வந்தவர்கள், விலைபோவதை விற்கின்றனர். தமிழரே தம் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்கின்றனர் என்பதே முதன்மையான வினா. பள்ளிச் சுற்றுலாவென்றால் அதே பாம்புக் கோயில், அதே கொடிமலை, அதே கடற்கரை! மாணவர் பேருந்தில் ஏறுகின்றனர், பாட்டுப் பாடுகின்றனர், பொட்டலச் சோறு உண்கின்றனர், திரும்புகின்றனர். மறுநாள் "நான் சென்ற சுற்றுலா" என்று கட்டுரை எழுதுகின்றனர். அக்கட்டுரையில் இயற்கை வருணனை இருக்கும்; துரைசாமி இருக்கமாட்டான். தன் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லாத கதையை அயல்நாட்டு விருந்தினன் கேட்கவில்லையே என்று வருந்துவதில் என்ன பயன்?

1816ஆம் ஆண்டில் பினாங்கு இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்புத் தொடங்கியதை நினைவுகூர்ந்து, இந்நாட்டுத் தமிழ்க்கல்விக்கு 200 ஆண்டு நிறைவு 2016ஆம் ஆண்டில் கொண்டாடப்பட்டது. விழா எடுத்தால் மட்டும் போதாது. தமிழாசிரியர்கள் ஆண்டுக்கு ஒரு நாளேனும் மாணவரைக் குயின் தெருவிலிருந்து சூலியா தெரு வரை நடத்திச் செல்ல வேண்டும். முதியோரைக் கண்டு, அவர்தம் குடும்பம் வந்த கதையைக் கேட்டு எழுதிவரப் பணிக்க வேண்டும். சுற்றுலா வழிகாட்டிகள் உரிமம் பெற வேண்டும் என்று 1992ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழிற்சட்டம் விதிக்கிறது. அவ்வுரிமம் பெறும் தமிழ் இளைஞர் பெருக வேண்டும். வரலாறு கற்று அத்தொழிலுக்குச் செல்வது ஆசிரியப் பணிக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று என்னும் எண்ணம் பெற்றோரிடம் பரவ வேண்டும். எழுத்தாளர் சங்கங்கள் கையடக்கமான வழிகாட்டி நூல்களைத் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் வெளியிட வேண்டும்.

பாயான் லெப்பாஸில் வானூர்திகள் நாள்தோறும் இறங்கிக்கொண்டேயிருக்கும், பேருந்துகளும் காத்திருக்கும். அவற்றில் ஏறும் விருந்தினருக்குத் தமிழரின் கதையைத் தமிழர் சொல்லாவிட்டால் வேறொருவர் சொல்வார். அல்லது ஒருவருமே சொல்லார். மணி சட்டியாவதற்கு முன் அதிலுள்ள எழுத்தைப் படித்துக்காட்ட ஆள் வேண்டும். அவ்வாளை உருவாக்க வேண்டிய இடம் தமிழ் வகுப்பறையே.